குளியல் வெப்பமானி பத்துப் பாகை காட்டிய காலை

மூன்று இலையுதிர்காலமாக நொய்கெல்ன் கால்வாய்க் கரையில் என்னைப் பைத்தியக்காரனாகத்தான் பார்த்தார்கள்.

பேத்தியைக் குளிப்பாட்டும்போது தொட்டியில் மிதக்கவிடும் வெப்பமானியை நூலில் கட்டி, கால்வாய்க்குள் இறக்கிப் பார்ப்பேன். பக்கத்தில் தூண்டில் போடும் ஜெர்மன்காரர் ஹெர் வெபர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்றைக்கு யாருக்குக் குளிப்பு?"

தண்ணீர் பத்துப் பாகைக்குக் குளிர்ந்தால் பார்ஷ் மீன்கள் கூட்டமாக வேட்டைக்கு வரும் என்பேன்.

"எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

புத்தகத்தில் இல்லை. நான் பாகையும் மீனும் குறித்துவைக்கும் கொப்பியில் இருக்கிறது.

இன்று காலை பத்து காட்டியது.

அதை அவருக்குச் சொல்லி வாய் மூடவில்லை. மழையே இல்லாமல் தண்ணீரில் மழை விழுந்ததுபோல் குஞ்சுமீன்கள் துள்ளின. அவற்றைக் கல்சுவரோடு நெருக்கிக்கொண்டு பார்ஷ்கள் வந்தன. உடம்பில் கறுப்பு வரிகள், சிவந்த செட்டைகள். நூறா இருநூறா தெரியாது. ஒன்றாகத் திரும்பின, ஒன்றாகப் பாய்ந்தன. வரும் என்று மூன்று வருடம் வாதாடிய எனக்கே இப்படி வரும் என்று தெரியாது. தூண்டில் கையில் இருந்தது. எறிய மறந்துபோனேன்.

ஹெர் வெபர் நான்கு மீன் பிடித்தார். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. போகும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு எத்தனை பாகை இருக்கும்?"

வீட்டில் மனைவி கேட்டா: "இஞ்சாருங்கோ, மீன் எங்கை? பிள்ளையின்ரை வெப்பமானியையாவது தாங்கோ."

ஏலாது என்று சொல்லிவிட்டேன். பேத்தியின் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கால்வாயை அப்படிப் பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கோ?