மஞ்சள் லேபிளில் இருந்த முகம்

தைலக்காரர் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். தலைவலித் தைலம் விற்பவரே பெரிய தலைவலி என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கும் அவரே முதலில் சிரிப்பார். ஆனால் சரக்கைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. பச்சை பாட்டில், சிவப்பு மூடி, மஞ்சள் லேபிள், அதன் நடுவே முன்பல் விழுந்த ஒரு சிறுமியின் சிரிப்பு. "பாப்பா தைலம் கொடுங்க" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

அந்தப் பாப்பா அவருடைய ஒரே மகள். காய்ச்சலில் போய்விட்டாள். ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர் அதற்கு முந்தைய வருடம் எடுத்த படம் அது. பிள்ளையைக் காட்டிப் பிழைக்கிறான் என்று பேசியவர்களும் உண்டு. பேசட்டும், அவர்களுக்கென்ன தெரியும்? பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு லேபிளையும் கையால் ஒட்டியவள் அவர் மனைவி. ஒட்டி முடித்ததும் கட்டைவிரலால் பாப்பாவின் கன்னத்தை ஒரு தடவு தடவுவாள். மெஷின் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒருவன் முளைத்தான். அவனுடைய தைலத்துக்கும் அதே பச்சை, அதே சிவப்பு, அதே மஞ்சள், நடுவே யாரோ ஒரு குழந்தை. வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏமாந்தார்கள். தைலக்காரருக்கு ரத்தம் கொதித்தது. வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார். சும்மா இருந்திருக்கலாம்.

எதிராளி பலே கில்லாடி. ஸ்டூடியோக்காரர் இறந்துபோய், மகன் கடையைக் காலி செய்துகொண்டிருந்த நேரம். பழைய படங்களின் உரிமையை எதிராளி அந்த மகனிடம் மொத்தமாக எழுதி வாங்கினான். பாப்பா படமே தன்னுடையது, தைலக்காரர்தான் திருடுகிறார் என்று பதில் வழக்குப் போட்டான்.

தைலக்காரரின் வக்கீல் அவரைத் தனியே அழைத்தார். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால் உரிமை சொன்னவருக்கு. சும்மா எடுத்துக் கொடுத்ததென்றால் எடுத்தவருக்கு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சமாவது கொடுத்திருப்பீங்க, இல்லையா?"

தைலக்காரர் தலையாட்டினார். அவர் கூண்டில் ஏறியதும் எதிர்வக்கீல் தன்மையாகக் கேட்டார்: "அந்தப் படத்துக்கு உங்க நண்பருக்கு என்ன கொடுத்தீங்க?"

"அவன் என்கிட்ட காசு வாங்குவானா? நீட்டியிருந்தா கன்னத்துல அறைஞ்சிருப்பான் சார்!"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அவருடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தைலக்காரருக்குத்தான் என்று தீர்ப்பு வந்தது. படம் எதிராளிக்கு. ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். இருந்த பாட்டில்களிலெல்லாம் லேபிளைச் சுரண்டி எடுத்தார்கள். எதிராளி நீல பாட்டிலுக்கு மாறி, அதில் பாப்பாவை ஒட்டினான். பாப்பா தைலம் கேட்டவர்களுக்குக் கடைக்காரர்கள் நீலத்தையே எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் பின்னறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவியின் முன்னே வரிசையாக நீல பாட்டில்கள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமும் பசையும்.

"அவன் சரக்கையா வாங்கிட்டு வந்த? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அவள் நிமிரவில்லை. ஊறவைத்துப் பிரித்த லேபிளை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல ஒட்டுறான். பிள்ளை கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறா. பாக்க முடியலைங்க, அதான்."

ஒட்டி முடித்துக் கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினாள். தைலக்காரர் எதிரே உட்கார்ந்து அடுத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"கடையில இன்னும் நிறைய கோணலா இருக்கு," என்றாள் அவள். "எல்லாத்தையும் எப்படிங்க வாங்கறது?"