மரைக்காயர் சுடாமல் விட்ட பன்றி

மீராசா மரைக்காயர் இறந்துபோன செய்தியை அரிசி மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் கொண்டுவந்தார். மூட்டைகளை இறக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்ட பிறகு, "நம்ம இரும்புக்கடை மரைக்காயர் நேத்து மௌத்தாயிட்டாரு கிராணி. அடக்கமும் ஆயிடுச்சு" என்றார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான நான் கணக்கை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்க இனி அந்த முகமும் இல்லை. இந்த வயதில் சாவுச் செய்தி கேட்டால் அழுகை வருவதில்லை, அசதிதான் வருகிறது.

சிராங்கூன் ரோட்டில் அவரை அறியாதவர் யார்? மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே அவருடைய கடை. ஆணி, சங்கிலி, மண்வெட்டி எல்லாம் அவர் கையால் நிறுத்துக் கொடுப்பார். லைசென்சோடு ஒரு ரைபிளும் வைத்திருந்தார். மண்டாய்ப் பக்கம் எங்கள் அன்னாசித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் துரை அவருக்குத்தான் ஆள் அனுப்புவார். சுட்ட பன்றி பக்கத்துச் சீன முதலாளி தவுக்கேயின் அடுப்புக்குப் போகும். "நீங்க பன்றியைத் தொடலாமா?" என்று நான் சீண்டுவேன். "தோட்டாதானே தொடுது பிள்ளை, நான் எங்கே தொட்டேன்?" என்பார்.

ஆனால் உங்களில் பலருக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது வேறு. கண்ணெதிரே நின்ற பன்றியைச் சுடாமல் பயந்துபோன மரைக்காயர், அவ்வளவுதான். மையத்து எடுக்கும் முன்பே வாசலில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். அதையும் வண்டிக்காரர்தான் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது உண்மை. போதும், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. துப்பாக்கியின் முனையில் ஒரு சிறு மணி இருக்கும், பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் நடுவே மணியை நிறுத்தி, மணியை மிருகத்தின்மேல் வைப்பதுதான் குறி. அவருக்கு முதலில் பள்ளம் கலங்கியது, பிறகு மணி. மூக்குக்கண்ணாடி போட்டால் மணி தெரிந்தது, மிருகம் மறைந்தது. கழற்றினால் மிருகம் தெரிந்தது, மணி மறைந்தது. வெள்ளெழுத்துதான், வேறொன்றுமில்லை என்று இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்பதால் டவுனில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் முதலில் தூரக்கண்ணாடி பொருத்திய குழாயைக் கொடுத்தார். மரைக்காயர் வாசலில் நின்று அதன் வழியே பார்த்தார். எதிரே நின்ற ரிக்‌ஷாக்காரரின் முதுகில் ஒரு கிழிசல் மட்டும் தெரிந்ததாம். "எட்ட நிக்கிற மானுக்கு இது சரி. நம்ம பன்றி காலடியில வந்து நிக்கும். இதுல பார்த்தா மயிர்தான் தெரியும், தலை எந்தப் பக்கம்னு தெரியாது" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து யானைத் தந்தத்தில் வெள்ளை மணி. மணி நன்றாகத்தான் இருந்தது, பின்னால் இருந்த பள்ளம் பழையபடி கலங்கியது.

கடைசியாக ஒரு வளையம் வந்தது. பள்ளத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குள் ஊசித் துளை போட்ட ஒரு சின்னப் பில்லையைத் திருகிக்கொள்ளலாம். பில்லை இருந்தால் பொழுதுபோக்காகக் குறி வைத்துச் சுட நல்லது. கழற்றிவிட்டால் அகலமான வளையம், புதருக்குள் கிட்டத்தில் வரும் மிருகத்துக்கு ஏற்றது. மரைக்காயர் பில்லையைக் கண்ணில் வைத்துத் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, எதிர்க்கடை போர்டுல எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுது. என்ன எழுதியிருக்குன்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். அன்று கடை அதிரச் சிரித்தார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை பிற்பகல்களில் தோட்டத்துக்கு வருவார். மண்மேட்டில் கொட்டாங்கச்சியும் பிஸ்கட் டின்னும் வைத்துச் சுடுவோம். பில்லையைத் திருகிக்கொண்டு அவர் சுட்டால் ஒன்றும் தப்பாது. வேலையாட்கள் கூடி நின்று பார்ப்பார்கள். "பழைய மரைக்காயர் திரும்பிட்டாரே" என்று நான் சொன்னபோது மட்டும் முகம் வாடியது. "வெயில்ல எல்லாரும் வேட்டைக்காரன்தான் பிள்ளை" என்றார்.

பிறகு அந்த விடிகாலை. முந்தின நாள் களை எடுக்கும் பெண் ஒருத்தியின் தொடையைப் பன்றி கிழித்துவிட்டிருந்தது. அதைக் கொல்லாமல் வேலைக்கு இறங்கமாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். மரைக்காயரும் நானும் வரப்போரம் உட்கார்ந்திருந்தோம், ஆட்கள் பின்னால் கொட்டகையில் இருந்தார்கள். பில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பனி கலையவில்லை. அன்னாசி வரிசைக்கு நடுவே கறுப்பாக ஒன்று வந்து நின்றது. எல்லோரும் பார்த்தோம். அவர் ரைபிளைத் தூக்கினார், பிடித்தபடியே இருந்தார், இறக்கிவிட்டார்.

"மணி தெரியல பிள்ளை."

"பன்றிதான் மரைக்காயரே. நான் பார்க்கிறேன்ல, சுடுங்க."

"நீங்க பார்க்கிறீங்க. சுடறவன் நான்."

பன்றி திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. அது பன்றிதான், அதில் சந்தேகமே இல்லை. காயம்பட்டவளின் புருஷன் எங்கள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். கொட்டகையில் சிரிப்பு கிளம்பியது.

வண்டியில் திரும்பும்போது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையசைத்து மறுத்தார். "இன்னிக்கு நின்னது பன்றி. நாளைக்கு அதே இடத்துல ஒருத்தி குனிஞ்சு களை எடுப்பா. எனக்கு ரெண்டும் ஒரே கறுப்பு. பயந்துட்டான்னு சொல்லட்டும், பரவாயில்லை. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, நேத்து வரைக்கும் நான் நிறுத்துக் கொடுத்ததையும் சந்தேகப்படுவாங்க." அந்த வாரமே ரைபிளைப் போலீசில் ஒப்படைத்தார். தராசை மருமகன் கையில் கொடுத்தார். வெள்ளெழுத்து இல்லை, இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொன்னது பிற்பாடு. ஊரில் நின்றதோ பயந்தவர் என்ற பேர்தான். என்னை வாய் திறக்க விடவில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம், இன்னும் தீரவில்லை.

பில்லையை என்னிடம் கொடுத்திருந்தார். "விளையாட்டுக்கு வச்சுக்குங்க" என்றார். இப்போது எனக்கும் எழுத்து கலங்குகிறது. துரை இல்லாத நேரம் பார்த்து, ஜன்னலோரம் நின்று, அந்த ஊசித் துளை வழியாகத்தான் ஆட்களின் பேரைப் படிக்கிறேன். வெயில் இருக்கும்வரை பிழைப்பு ஓடும். ஒருநாள் துரை முன்னால் போய் நின்று, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லத்தான் வேண்டும். மரைக்காயர் அதை வாயால் என்னிடம் மட்டும்தான் சொன்னார்; ஆனால் ஊரே பார்த்திருக்க, தூக்கிய துப்பாக்கியை இறக்கினார்.

அவருடைய பில்லை என் மேஜையில் இருக்கிறது. அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.