லைன் அக்காவின் வலைப்பூ

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் கேட்பது அவள் குரல்தான். “பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு” என்று ஆரம்பித்து, மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினான்கு வருடமாக அதுதான் வேலை. மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அவள் “லைன் அக்கா”.

வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு. கணவர் அவளை “எழுத்தாளரே” என்பார். பாதி கிண்டல், பாதி பெருமை. ஒன்பது வருடமாக அவள் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். அதில் இல்லாதது எதுவும் இல்லை. பல் பிடுங்கியது, பக்கத்து வீட்டு நாயின் குணம், லிஃப்ட் நின்றால் செய்யக் கூடாதவை, கணவரின் குறட்டை, நாலைந்து கவிதை. மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். படிப்பவர்கள் முப்பது பேர் தேறுவார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

அந்த மாதம் வலைப்பூவைப் புதிய தளத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. எல்லாம் சுலபமாக முடிந்து, கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது: “இந்த வலைப்பூ எதைப் பற்றியது? ஒரே வரியில் எழுதவும்.” அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அவள் மூன்று நாள் அந்தக் கட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தனைக் கேட்டாள். அவன் சோபாவில் சாய்ந்தபடியே தீர்ப்புச் சொன்னான்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ப்ளாக் பழைய சாமான் போட்டு வைக்கிற பரண் மாதிரி இருக்கு. ஒரே விஷயத்தைப் பிடிங்க. லிஃப்ட் பத்தி மட்டும் எழுதுங்க. வேற யாரும் எழுதல, கூட்டம் பிச்சுக்கிட்டு வரும்.”

“குறட்டையை என்ன பண்றது?”

“அதைத் தூக்கிடுங்க. அண்ணனுக்கும் மானம் மிஞ்சும்.”

“நல்லா சொன்னடா தம்பி!” என்று சமையலறையிலிருந்து கணவரின் குரல் வந்தது.

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லிஃப்ட் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்த பிறகு ஏனோ மனசு ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“காத்து கம்மியாகுதும்மா. எனக்கு நல்லாத் தெரியுது.”

“காத்து வர்றதுக்கு மேலயும் கீழயும் வழி இருக்கு சார். தரையில உக்காந்துக்கோங்க. ஆள் கிளம்பியாச்சு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி நேரம் ஆகலாம் சார்.”

“ஆயிரத்து எண்ணூறு செகண்டு!” என்று அலறியவர், ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டும்போது குரல் உடைந்தது. வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை அவள் வரிசையாகக் கேட்டுப் பார்த்தாள். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிட்டீர்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சட்டென்று கைப்பேசியில் தன் வலைப்பூவைத் திறந்து, கண்ணில் பட்ட பதிவைப் படிக்கத் தொடங்கினாள்.

“சார், ஒரு கதை கேளுங்க. என் வீட்டுக்காரர் பெயின்ட் கடையில கலர் கலக்குற வேலை பாக்குறார். ஊருக்கெல்லாம் கலக்கிக் குடுக்குற மனுஷன், ஒருநாள் எங்க வீட்டு ஹாலுக்கு அடிக்க நாலு லிட்டர் கலக்கிட்டு வந்தார்...”

எண்ணுவது நின்றது. “ஹால் என்ன அளவு?”

“பன்னண்டுக்குப் பத்து சார்.”

“நாலு லிட்டரா? ரெண்டு கோட்டிங் அடிச்சா ரெண்டு சுவரைத் தாண்டாதே!”

“தாண்டல சார். அதுதான் கதையே.”

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தது போனிலேயே தெரிந்தது. கலவைக் குறிப்பை எழுதிவைக்காத கணவர், மூன்றாவது சுவருக்குக் குத்துமதிப்பாகக் கலக்கி எடுத்துவந்தார். அது வேறு கலர். அதைச் சரிக்கட்டப் போய் நாலாவது சுவருக்கு... அந்த இடத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக்தான்.

“லைன் அக்கா, திறந்தாச்சு. ஆனா சார் வெளிய வரமாட்டேங்குறார். நாலாவது சுவரு என்னாச்சுன்னு சொன்னாத்தான் வருவாராம்.”

“வெளிய வரச் சொல்லு, அப்பதான் சொல்லுவேன்!”

வாத்தியார் வெளியே வந்தார். மெக்கானிக்கின் போனிலேயே மீதியைக் கேட்டார். நாலாவது சுவர் மூன்றாவது கலர் ஆனதும், வந்தவர்களிடமெல்லாம் “இது டிசைன்” என்று கணவர் அடித்துவிட்டதும், அதை நம்பிய நாத்தனார் “என் வீட்டுக்கும் இதே மூணு கலர் வேணும்” என்று ஒற்றைக்காலில் நின்றதும், ஒன்றைக்கூட மறுபடி கலக்கத் தெரியாமல் அவர் நாத்தனாருக்கு ஒளிந்து திரிந்ததும். வாத்தியார் சிரித்த சிரிப்பு அந்த வராந்தா முழுக்கக் கேட்டதாக மெக்கானிக் பிறகு சொன்னான்.

அழைப்புகள் எல்லாம் பதிவாகும். மறுநாள் மேலதிகாரி அம்மா கூப்பிட்டபோது, தன் வலைப்பூவிலிருந்து படித்ததை அவளே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

“பேச்சுக் குடுக்கணும்னுதான் விதி. என்ன பேசணும்னு விதி இல்ல. அதனால தப்பில்ல” என்றார் அந்த அம்மா. “ஆனா ஒண்ணு. இங்க மாட்டினவங்க கதையை உன் ப்ளாக்ல எழுதிடாதே. அது அவங்களோடது.”

“எழுத மாட்டேன் மேடம்.”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. கொழுந்தன் சொன்னது தலைகீழ். லிஃப்டைப் பற்றி எழுத வேண்டியதில்லை. எங்கும் நகர முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக எழுத வேண்டும். அவர் லிஃப்டில் இருக்கலாம், ஆஸ்பத்திரி பெஞ்சில் இருக்கலாம், வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். சத்தமாகப் படித்தால் அவருக்கு நேரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஒரு மாதம், தினமும் ராத்திரி கணவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு பதிவாக வாய்விட்டுப் படித்தாள். அவர் சிரித்தாலோ, “அப்புறம்?” என்றாலோ பதிவு தப்பியது. கொட்டாவி விட்டால் போயிற்று. அறிவுரைகள் எல்லாம் போயின. கோபத்தில் எழுதியவை போயின. கவிதைகளுக்கு அவர் தூங்கியே விட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு கவிதையை மட்டும் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். குறட்டைப் பதிவின்போது கண்ணில் நீர் வரச் சிரித்தவர், முடிந்ததும் சுதாரித்துக்கொண்டு, “இதை அழிச்சிடு” என்றார்.

“இவ்வளவு சிரிச்சீங்களே?”

“சிரிப்பு வேற, மானம் வேற.”

பேரம் நடந்தது. குறட்டை இருக்கும், பதிலுக்கு, தன்னைப் பற்றி எழுதுவதை வெளியிடுமுன் அவர் ஒருமுறை கேட்பார். தொண்ணூற்றேழு பதிவுகள் மிஞ்சின. அவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் நேரவாரியாகப் பிரித்தாள்: ஐந்து நிமிடக் காத்திருப்பு, பதினைந்து நிமிடம், அரை மணி. புதிய தளம் ஒரே வரி கேட்ட அந்தக் கட்டத்தில் “காத்திருப்பவர்களுக்கு” என்று ஒரே சொல்லைப் போட்டாள். பக்கம் நகர்ந்தது.

“இதுக்கெல்லாம் கூட்டம் வராது அண்ணி” என்றான் கொழுந்தன். சொன்னது போலவே பெருங்கூட்டம் வரவில்லை. முப்பது பேர் எழுபது பேரானார்கள். ஒருவர், பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நின்று படித்துச் சிரித்ததில் தன் முறையைத் தவறவிட்டதாகத் திட்டி எழுதியிருந்தார். அவள் அதை நாலு பேருக்குக் காட்டி மகிழ்ந்தாள்.

இப்போதெல்லாம் கணவர் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிடுகிறார்.

“இன்னிக்கு ஒரு அம்மா கத்தரிக்காயைக் கொண்டுவந்து, இதே கலர் வேணும்னாங்க. மெஷின்ல வெச்சுப் பாக்கறதுக்குள்ள அவங்க வீட்டுக்காரர் இன்னொரு கத்தரிக்காயோட வந்து நிக்கிறார். பச்சைக் கத்தரிக்காய்.”

“அய்யோ, இருங்க இருங்க” என்று அவள் பேனாவைத் தேடி ஓடினாள். “யாரு ஜெயிச்சாங்க? வேணாம், இப்ப சொல்லாதீங்க. முதல்லேருந்து வாங்க.”