முதுகில் கோடில்லாத அணில்

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஐந்து அணில்களை அடித்திருக்கிறேன். அதற்காக வருத்தப்படுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்திருந்த பெண்மணி, எங்கள் குடும்பம் எவ்வளவு ஆசாரமானது என்று என்னிடமே பாராட்டிப் பேசினாள். பாயசத்தை முடித்துவிட்டு அவளிடம் அணில் சமாசாரத்தைச் சொன்னேன். அவள் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். தள்ளிப் போட்டால் போடட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்புறம், பலகைச் சுவர் வைத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்தபோது அவருடைய மேசையும் நாற்காலியும் மாறவில்லை. அதிகாரிக்குப் போடும் கும்பிடு மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. சனிக்கிழமைகளில் பஜனைக் கூடத்தில் ராமர் கதை சொல்வார். அதில் எல்லாருக்கும் பிடித்தது அணில் கதை. இலங்கைக்குப் பாலம் கட்டும்போது மணலில் புரண்டு புரண்டு வந்து உதறிய அணிலை ராமர் கையில் எடுத்து முதுகைத் தடவிக்கொடுத்தாராம். அவருடைய மூன்று விரலும் மூன்று கோடாகப் பதிந்துவிட்டதாம். இந்த இடம் வந்ததும் அப்பா என்னை அருகே அழைத்து, என் முதுகில் மூன்று விரலால் தடவிக் காட்டுவார். அதற்காகவே நான் முன்வரிசையில் உட்காருவேன்.

அரிசி குறைந்துகொண்டே போனது. அளந்து கொடுத்ததில் பாதி சுண்ணாம்பு வாடை. பிறகு மரவள்ளிக்கிழங்குதான். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, மாறுதலுக்குக் கிழங்கின் இலை. தம்பிக்கு முதலில் காய்ச்சல் வந்தது, பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் அதை விளையாட்டாக அழுத்திப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினேன். ஒரு வாரத்தில் அவன் எழுந்து நிற்பதை விட்டுவிட்டான்.

தெருக்கோடியில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். அம்மா கூப்பிட்டதும் வந்து பார்த்தார். "மருந்துன்னு கையில ஒன்னும் இல்லம்மா. கறிச்சாறு ஏதாச்சும் குடுத்தா புள்ள எந்திரிப்பான். குடுக்காட்டி நான் என்னத்தச் சொல்றது" என்றார்.

கவிச்சி வாசலைத் தாண்டாத வீடு எங்கள் வீடு. தாண்ட வைக்க நினைத்தாலும் எங்கே போவது? தெருவில் திரிந்த கோழிகள் எல்லாம் எப்போதோ பட்டாளத்துக்குப் போய்விட்டன. முட்டையைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது. அப்பா டிரஸ்ஸரை வழியனுப்பிவிட்டு வந்து, "பகவான் பார்த்துப்பார்" என்றார். அம்மா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கே பப்பாளி மரத்தில் ஓர் அணில், எங்களுக்கென்று பழுத்த ஒரே பழத்தை நிதானமாகக் குடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஏண்டி, மாங்கா அடிப்பியே, அந்த உண்டிவில்லு, அத இன்னும் வச்சிருக்கியா?"

எனக்குப் பயமாகிவிட்டது. கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூபைக் கட்டி நானே செய்தது. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அதை அடுப்பில் போடச் சொன்னவளே அம்மாதான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொய் சொல்லாத. எடுத்துட்டு வா" என்றாள்.

அணிலுக்கு அறிவு அதிகம். உண்டிவில்லைக் கண்ட பிறகு அது எங்கள் பப்பாளிப் பக்கமே வரவில்லை. நான் திடலைத் தாண்டித் தென்னை மரங்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வழியில் சாலை முனையில் ஒரு ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். அவனுக்கு இடுப்பு வளையக் குனிய வேண்டும். குனியாதவர்களைக் கன்னத்தில் அறைவான். உண்டிவில்லைச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகியிருப்பேன். குனியும்போது அதன் கவட்டை முதுகில் குத்தும். குத்தட்டும் என்று இன்னும் கொஞ்சம் தாழக் குனிவேன். எனக்கு அதில் ஒரு திமிர்.

இரண்டு நாள் கல் எல்லாம் வீணாகப் போனது. மூன்றாம் நாள் தென்னை மட்டையடியில் ஒன்று அசையாமல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அடித்தேன். பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்ததைக் கையில் எடுத்தபோது இன்னும் சூடாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அழுதுகொண்டே அதைக் கிழங்கு இலைக்குள் சுற்றிக் கூடையில் வைத்து, சிப்பாய்க்கு இன்னொரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு அதை எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. பின்வீட்டுச் சீன அம்மாவைக் கூப்பிட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய்தான். அந்த அம்மா கூடையை எட்டிப் பார்த்து, "தூப்பாய்! பாகுஸ்!" என்று கை தட்டினாள். தூப்பாய் என்றால் அணில், பாகுஸ் என்றால் நல்லது. சின்னப் பிள்ளைக்குச் சட்டையைக் கழற்றுவதுபோல அதன் தோலைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் விரித்துவிட்டு, எங்களுக்கு ஒரு துண்டு இஞ்சியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது தோல் தரையில் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"என்னது இது? அணிலா?"

"அணில் இல்ல. தூப்பாய்" என்றாள் அம்மா.

"மலாய்ல சொன்னா அணில் இல்லன்னு ஆயிடுமா? ராமர் தடவுன ஜீவன்டி அது!"

"எங்க தடவுனாரு? முதுகப் பாருங்க. கோடு இருக்கா?"

அப்பா நியாயமான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தோலைத் தாளோடு தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முதுகு முழுக்க ஒரே பழுப்பு. இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. அப்பா விடவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தா, விலாவுல இருக்கே. வெள்ளையா ஒன்னு, கறுப்பா ஒன்னு."

"ரெண்டுதான?"

"அந்தப் பக்கமும் ரெண்டு இருக்கு."

"அப்ப நாலு. உங்க ராமருக்கு எத்தன வெரலு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "பாவம்னா என்னோட பாவமா இருக்கட்டும். எம்புள்ள மொதல்ல எந்திரிச்சு நடக்கட்டும். அப்புறம் ராமர் என்னைய கூப்புடட்டும், நான் போயி அவர்கிட்ட பேசிக்கிறேன். நீங்க நடுவுல வராதீங்க."

அப்பா தோலைக் கீழே வைத்தார். வெளியே போய் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு பஜனைக் கூடத்தில் அவர் அணில் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி ஒரு தகர டப்பாவில் சமைத்துவிட்டு எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா அப்படிச் செய்யவில்லை. அடுப்படியிலேயே, ரசம் வைக்கும் சட்டியிலேயே போட்டாள். இஞ்சியைத் தட்டிப் போட்டு, இருந்த நாலு மிளகையும் பொடித்துப் போட்டாள். வாடை வீடு முழுக்கச் சுற்றி வாசலுக்கும் போனது. அப்பா திரும்பவில்லை.

ஐந்தாவது அணில் வருவதற்குள் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். இன்றைக்கு அவனுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டான், அவ்வளவு ஆசாரம். நான் அவனைப் பார்த்துச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான்.

ஆனால் அந்த முதல் சட்டியைப் பற்றி அவனிடம் நான் ஒன்று சொன்னதில்லை. சாற்றை இறக்கியதும் அம்மா ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் விட்டுக்கொண்டாள். பிறந்தது முதல் கவிச்சி தொடாதவள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். "உப்புப் பாக்குறேன்" என்றாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். மூன்றாவதும் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிடிக்காமல்தான் மூடுகிறாள் என்று நினைத்தேன். நாலாவது கரண்டிக்குக் கை போனபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது தம்பிக்கும்மா! நான் தம்பிக்குத்தான் அடிச்சேன்!"

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டி, தம்பிக்குத்தான்" என்றாள். பிறகு நான் கொண்டுவந்த நாலு அணிலுக்கும் அவள் கரண்டியை வாயருகே கொண்டுபோகவில்லை. தம்பியின் பங்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடுப்படியில் தனியாக உட்காருவாள். அவளுக்கு என்ன மிஞ்சியது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பல வருஷம் கழித்து என் மகளுக்குக் கால் வீங்கியபோது டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று டிரஸ்ஸரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சாற்றில் அம்மா உப்பே போடவில்லை.