படிக்கட்டில் செடி வைக்கக் கூடாது

வில்மா தன் ஆர்க்கிட் தொட்டியைப் படிக்கட்டு ஜன்னலில் முதன்முதலாகக் கொண்டுபோய் வைத்தபோது, அதற்கு நேர் மேலே அந்தப் பலகை இருந்தது. "படிக்கட்டில் செடிகள் வைக்கக் கூடாது. வைத்தால் அகற்றப்படும். தீயணைப்புத் துறை உத்தரவு. இப்படிக்கு, குடியிருப்பு நிர்வாகம்." நிர்வாகம் என்றால் வேறு யாருமில்லை, வில்மாதான். எழுதியதும் அவள், நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியதும் அவள்.

எங்கள் மிஷ்கோல்ஸ் நகரத்து இரும்பாலை வாயிலில் முப்பத்தொரு வருஷம் நின்று, வீட்டுக்குப் போகிறவர்களின் பைகளைச் சோதித்தவள் அவள். ஆலையை இழுத்து மூடினார்கள். வேலை போனதே தவிர, பழக்கம் போகவில்லை. எங்கள் நாலு மாடிக் குடியிருப்பில் யார் எந்தக் கிழமை கம்பளம் தட்டலாம், யார் சைக்கிளை எங்கே சாய்க்கலாம் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். மகள் திமேயா பள்ளிக்கூட நாளில் கொண்டுவந்த பூனைக்குட்டியை இரண்டே நாளில் வெளியே அனுப்பியவள். திமேயா இப்போது ஆஸ்திரியாவில் நர்ஸ். பூனைக்குட்டியை இன்னும் மறக்கவில்லை.

போன மே மாதம், அன்னையர் தினத்துக்கு, அந்த மகள்தான் ஆர்க்கிட்டைக் கொண்டுவந்தாள். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். மேஜைமேல் வைத்துவிட்டு, "இதையாவது வெளிய தள்ளாம வச்சிரும்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வில்மாவுக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் வரை செடி நன்றாகவே இருந்தது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் நகரத்து வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டார்களோ இல்லையோ, தொல்லை ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தில் கணப்பைக் குறைக்கத் திருகு கிடையாது. வெளியே பனி, உள்ளே பனியனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மொட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழுந்தன. இலைகள் துவண்டு, கிழவியின் கழுத்துத் தோல்போல் சுருங்கின. வில்மா தண்ணீரை அதிகமாக ஊற்றிப் பார்த்தாள், பிறகு நிறுத்திப் பார்த்தாள், இலையைப் பால் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். ஞாயிறுதோறும் திமேயா வீடியோவில் கூப்பிட்டு, "ஆர்க்கிட்டக் காட்டு" என்பாள். வில்மா செடியின் நல்ல பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டுவாள். கிறிஸ்துமஸுக்கு மகள் நேரில் வருகிறாள். அப்போது எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

சந்தையில் பூக்காரி இலையைத் தொட்டுப் பார்த்து, "வீட்டுச் சூடு தாங்கலம்மா இதுக்கு. வெளிச்சமும் இருக்கணும், கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கணும். படிக்கட்டு ஜன்னல்ல வைங்க. எல்லாரும் அங்கதானே வைக்கிறாங்க?" என்றாள். வில்மாவின் முகம் சிவந்துவிட்டது.

எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். எங்கள் கட்டடத்திலும் வைத்தார்கள், இரண்டு வருஷம் முன்புவரை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலுள்ள அந்த ஜன்னலில் மூன்றாம் மாடிப் பெரியவர் கால்மானின் பதினோரு தொட்டிகள் இருந்தன. கள்ளி, ஜெரேனியம், அவர் இருபது வருஷம் வளர்த்த ஒரு எலுமிச்சை. வில்மாவுக்கு அவற்றின்மேல் என்ன கோபம்? படியில் மண் சிந்துகிறது, அவ்வளவுதான். அதைவிட, அவளைக் கேட்காமல் வைத்துவிட்டார். இடுப்பு எலும்பு அறுவைக்கு அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில் பதினொன்றையும் குப்பைத் தொட்டியில் போடச் செய்து, பலகையையும் மாட்டினாள். நேரில் இருந்தால் வாதாடுவார் என்றே அந்த வாரத்தைப் பார்த்து வைத்திருந்தாள். இது யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கால்மான் கோலூன்றித் திரும்பி வந்தார், பலகையைப் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பெண்களைப் படியில் கண்டால் "கைக்கு முத்தம், அம்மா" என்பார்கள். முத்தமெல்லாம் கொடுப்பதில்லை, வாய் வார்த்தைதான். கால்மான் அதை வில்மாவுக்கு மட்டும் நிறுத்திவிட்டார். "வணக்கம்" என்பார், தபால்காரனிடம் சொல்வதுபோல.

இப்போது வில்மா தன் சொந்தக் கட்டடத்தில் திருடிபோல் நடக்க ஆரம்பித்தாள். எல்லோரும் வேலைக்குப் போனபின், கால்மானும் ரொட்டி வாங்கித் திரும்பியபின், தொட்டியைக் கொண்டுபோய் ஜன்னலில் வைப்பாள். மூன்று மணிக்குள் எடுத்துவிடுவாள். செடி கொஞ்சம் நிமிர்ந்தது. அவள்தான் நாளுக்கு நாள் குனிந்துகொண்டே போனாள்.

டிசம்பர் முதல் வாரம் கண் ஆஸ்பத்திரியில் நேரமாகி, பனியில் பஸ் சிக்கி, அவள் வந்து சேரும்போது ஐந்தாகிவிட்டது. ஜன்னலில் தொட்டி இல்லை.

"வைத்தால் அகற்றப்படும்." அவள் எழுதியதுதானே. கையில் பையோடு அப்படியே முற்றத்துக்கு இறங்கி, குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, உருளைத் தோலையும் முட்டை ஓட்டையும் வெறுங்கையால் கிளறினாள். முதல் மாடி ஜோகா குப்பைக் கூடையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா, அங்க என்ன தேடுறீங்க?"

"சாவி."

"குப்பையிலயா?"

அப்போது மேலே மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. "வில்மா அம்மா! உங்க பூச்செடி என்கிட்ட இருக்கு. மேல வாங்க."

ஜோகா அவளையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது வில்மாவுக்கு.

கால்மானின் சமையலறை மேஜையில், செய்தித்தாள்மேல் ஆர்க்கிட் இருந்தது. கணப்பின்மேல் பழைய மெத்தை விரிப்பைப் போட்டு மூடியிருந்தார். ஜன்னல் விளிம்பு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ஒரு தொட்டிகூட இல்லை.

"நாலாம் மாடிக்காரன் சிகரெட் பிடிச்சிட்டு ஜன்னலத் திறந்தே விட்டுட்டான். உறைஞ்சு போயிருக்கும். அதான் எடுத்தேன்" என்றார். "இங்க பாருங்க, வேர் நுனி பச்சையா வருது. பொழைச்சிரும். தண்ணிய மட்டும் இனிமே குறைச்சுக்கோங்க."

"தினமும் நான் வைக்கிறது தெரியுமா உங்களுக்கு?"

"என் கதவுல எட்டிப் பாக்குற ஓட்டை இருக்குல்ல."

அவள் தொட்டியை எடுத்தாள். அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒன்னு கேக்கட்டுமா? அந்த உத்தரவு... நெசமாவே தீயணைப்புக்காரங்க போட்டதா?"

"ஆமா" என்று சொல்லிவிட வாயெடுத்தாள். முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் பையைப் பிரித்துப் பார்த்தவளுக்கு, தன் பையை யாரோ மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டியதுபோல் இருந்தது.

"இல்ல" என்றாள். "யாரும் போடல. நானா எழுதினேன். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் அந்த வாரம் பண்ணேன்."

கால்மான் தலையாட்டினார். "உத்தரவு இல்லன்னு தெரியும். வந்த வாரமே அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"அப்போ குடியிருப்புக் கூட்டத்துல எழுந்து சொல்லியிருக்கலாமே!"

"மொத்தக் குடித்தனமும் உக்காந்திருந்துச்சு. உங்க முகம் என்னாகும்?" என்றார். செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "வாரம் பார்த்துப் பண்ணீங்கங்கறது எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் திட்டியிருந்தால் வில்மாவுக்குப் பதிலுக்குத் திட்டத் தெரியும், அதில் அவள் தேர்ந்தவள். கடைசியில், "மன்னிச்சிருங்க" என்றாள். அது அவள் காதுக்கே சின்னதாகக் கேட்டது. பிறகு, "திருப்புளி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டாள்.

நாலு திருகாணியும் கெட்டியாக இருந்தன, அவள் முடுக்கியவையாயிற்றே. வேலையிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராகப் படியில் நின்று பார்த்தார்கள். "என்னக்கா, சட்டத்தத் திருத்துறீங்களா?" என்றாள் ஜோகா. வில்மா திரும்பாமலே, "சட்டமே இல்ல. பொய் எழுதியிருந்தேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பலகை கையோடு வந்ததும் சுவரில் வெளிறிய ஒரு சதுரம் தெரிந்தது. அடுத்த வெள்ளையடிப்பு இன்னும் ஆறு வருஷம் கழித்துத்தான். அந்தத் தீர்மானத்தையும் அவளேதான் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை திமேயா கூப்பிட்டபோது வில்மா போனைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா! இதையும் வெளிய தள்ளிட்டியா?"

"உள்ள வச்சா சாகுதுடி. இங்க பொழைக்குது."

"பின்னாடி செவுத்துல என்ன அது, கட்டமா?"

வில்மா சொன்னாள். எலுமிச்சையை, பதினோரு தொட்டிகளை, அந்த வாரத்தை, எதையும் விடாமல் சொன்னாள்.

சொல்லி முடித்த நேரத்தில் கால்மான் கோலைத் தட்டித் தட்டி இறங்கி வந்தார். வில்மா சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் நின்று, ஆர்க்கிட்டின் இலையை ஒரு விரலால் தூக்கி அடியில் பார்த்தார், தொட்டியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். அந்தப் பழைய வார்த்தை வருமா என்று வில்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வணக்கம்" என்றார் கால்மான். இறங்கிப் போனார்.

"அம்மா, இருக்கியா?" என்றாள் திமேயா.

"இருக்கேன்."