மூன்றாவது கை

மூன்று பேர் வேண்டும் என்று சபையில் சொன்னது நான்தான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. துபாயில், அல் கூஸ் பகுதியில் கட்டுமானச் சாமான்கள் வைக்கும் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வீடு ஷார்ஜாவில், மனைவி பிள்ளைகளோடு. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் அதுவே எங்களுக்கு ஞாயிறு. ஓர் ஆலய வளாகத்தில் ஒரே ஹாலை எல்லா பாஷைக்காரர்களும் மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்வோம். மலையாளிகள் முடித்து வெளியே வரும்போது நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்போம். எங்கள் கடைசிப் பாட்டுக்கு உருதுக்காரர்கள் வந்து நின்றுவிடுவார்கள். எண்பது பேர் கூடும் சிறிய சபை. ஒரு பாஸ்டர், ஒரு மூப்பர். மூப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார்.

எனக்கு மூப்பராக வேண்டும் என்று ஆசை. இதை இப்போது எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவன், நெல்லைப் பக்கத்தில் உபதேசியார் குடும்பம். வேதம் தலைகீழ்ப் பாடம். பத்து வருடமாக நாற்காலி அடுக்கியவன், மைக் பிடித்தவன். என்னை விட்டால் வேறு யார் என்று நினைத்தேன். ஆனால் நானே போய்க் கேட்க முடியாதே. அதனால் பாடம் நடத்தினேன்.

ஆராதனைக்கு முன்னால் அரை மணி நேரம், ஆறு வெள்ளிக்கிழமை. திருச்சபையில் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது தலைப்பு. மூப்பர் என்பது சபை கண்டுபிடித்த பதவி இல்லை, யூதர்களிடமிருந்து வந்தது என்று ஆரம்பித்தேன். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் மூப்பர்கள் ஜனங்களைப் பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆதிச்சபையார் யூதர்கள்தானே, பழகின வழக்கத்தையே கையோடு கொண்டுவந்தார்கள். அதிகாரம் சத்தமாக ஜெபிப்பதால் வருவதில்லை, இன்னொருவர் கையிலிருந்து வருவது. மோசே யோசுவாவின் மேல் கை வைத்தான், பிற்காலத்தில் ரபீமார் என்னும் யூத குருமார் தங்கள் சீஷர்கள்மேல் வைத்தார்கள். கை வைப்பது என்றால் தொட்டுவிட்டு எடுப்பதல்ல. பலி ஆட்டின் தலையில் சாய்ந்து அழுத்துவதைப்போல உடம்பின் பாரம் இறங்க வேண்டும். கை வைக்க மூன்று பேர் வேண்டும். மூவரில் ஒருவர் முன்பே கைவைப்புப் பெற்றவராக இருந்தால் போதும். யூதரின் சின்ன நியாயசங்கத்திலும் மூன்று பேர்தான்.

“நம்ம சபையில பாஸ்டரையும் சேர்த்து ரெண்டு பேர்தான்” என்று சொல்லி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைத் துடைத்தேன். அதிலேயே சேதி போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். “அண்ணே, மோசே எழுபது மூப்பரக் கூடாரத்துக்கு வரச் சொன்னப்ப, ரெண்டு பேரு வராம பாளயத்துலயே இருந்துட்டாகல்ல? அவுகளுக்கும் ஆவி இறங்குச்சே. அவுக மேல யாரு கை வச்சா?”

அந்தக் கதையை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். என் பாடத்துக்கு அது ஒத்துவரவில்லை. “அது வேற பாடம் பிரதர்” என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அவர் ராமநாதபுரத்துக்காரர். சாரம் கட்டும் வேலை. எங்கள் கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தொழிலாளர் கேம்ப்பில் பன்னிரண்டு பேர் அறையில் இருந்தார். அவர் வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. இங்கே வந்த பிறகுதான் விசுவாசத்துக்கு வந்தார், ஆறு வருடம்கூட ஆகியிருக்காது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்பார். நான் வெளியே ‘பிரதர்’ என்பேன், மனசுக்குள் ‘அவன்’.

அவரிடம் ஜனங்கள் போனார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆராதனை முடிந்ததும் வளாகத்து வேப்பமரத்தடியில் அவரைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல், விசா கொடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்கிறான் என்று ஏதாவது ஒன்று. கேம்ப்பில் நெற்றியில் விபூதி வைத்தவர்கள்கூட வந்து ஜெபிக்கச் சொல்வார்களாம். பத்து வருடத்தில் என்னிடம் ஒருவர் வந்து ‘ஜெபியுங்கள்’ என்று கேட்டதில்லை. ‘மைக் ஏன் இரைகிறது’ என்றுதான் கேட்டார்கள்.

பாடம் முடிந்த அடுத்த வாரம் பாஸ்டர் எழுந்தார். “நம்ம பிரதர் சொன்னது சரி. மூணாவது ஒருத்தர் வேணும்” என்றார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் அந்தச் சாரம் கட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

அதோடு விட்டாரா? “கைவைக்க மூணு பேர் வேணும்னு பிரதர் சொல்லிக்கொடுத்தார். நானும் மூப்பரும் ரெண்டு பேர். மூணாவது கை பிரதருடையதா இருக்கட்டும்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் மனைவி சொன்னாள். “ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய? நீங்கதான பாடம் எடுத்திய?”

அடுத்த வெள்ளி. அவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் முழங்காலில் நின்றார். பாஸ்டர் இரண்டு கையையும் அழுத்தி வைத்தார். மூப்பர் வைத்தார். நானும் கையைக் கொண்டுபோனேன். தலைமுடிக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டேன், வைக்கவில்லை. ஜெபம் முடியும்வரை கை அந்தரத்திலேயே நின்றது, தோள் கடுத்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். வைக்காத கையால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று அந்தச் சபையில் என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அற்ப சந்தோஷம்.

அதன்பிறகு இரண்டு வாரம் அவர் மூப்பராக எதையும் செய்யவில்லை. திருவிருந்து கொடுக்கக் கூப்பிட்டபோது, “இன்னைக்கி வேணாம் பாஸ்டர்” என்று பின்னால் போய்விட்டார். அவர் அறையிலேயே ஒருவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது மூப்பர் வேலை. பாஸ்டர் அதைச் செய்யச் சொன்னதற்கும் சாதாரணமாக ஜெபித்துவிட்டு, எண்ணெயைத் தொடவில்லையாம். பாஸ்டர் குழம்பிப்போனார். “பயப்படுறார் போல. அவசரப்பட்டுட்டோமோ பிரதர்?” என்று என்னிடமே கேட்டார். “கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாம்” என்றேன். சொல்லும்போது நாக்கு தித்தித்தது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கிடங்குக்கு வந்தார். கவரால் உடுப்பு, சேஃப்டி ஷூ, கையில் ஹெல்மெட். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அண்ணே, மூணு கை வேணும்முன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீக. என் தலையில ரெண்டு பேரு கைதேன் பட்டுச்சு.”

நான் ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.

“யாருகிட்டயும் சொல்லலண்ணே. நான் இன்னும் மூப்பர் ஆகல, அதனால அந்த வேலையத் தொடல. எங்கிட்ட ஏதும் குறை கண்டீகளா? கண்டிருந்தா சொல்லிருங்க. பாஸ்டர்கிட்ட நானே போயி வேண்டாம்முன்னு சொல்லிர்றேன். படிச்சவுக நீங்க, உங்களுக்குத் தெரியாததா.”

அவர் கேலி செய்யவில்லை. என் பாடத்தை அந்தச் சபையில் முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான். நானே அவ்வளவு நம்பியதில்லை. ‘ஆமாம், ஒரு குறை இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முன்வரிசை நாற்காலி காலியாகிவிடும். அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்ன குறை என்றுகூட அவர் கேட்கமாட்டார். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

“குறை ஒங்ககிட்ட இல்ல” என்றேன். “எனக்குப் பொறாமை.”

வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் கேட்டது. அவர் டம்ளரை மேசையில் வைத்தார்.

“அப்படியாத்தேன் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். “பரவால்லண்ணே. அதோடயே வைங்க.”

சொல்லிவிட்டு, சிமெண்ட் தூசி படிந்த தரையில், பெயிண்ட் டின்களுக்கு நடுவே முழங்காலில் நின்றார். தலைமுடி ஹெல்மெட் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. நான் இரண்டு கையையும் வைத்தேன். நான் கற்றுக்கொடுத்தபடியே சாய்ந்து, அழுத்தி, பாரம் முழுவதையும் இறக்கினேன். என்ன ஜெபித்தேன் என்பது நினைவில்லை. அவர் கழுத்து அந்தப் பாரத்துக்குக் கொஞ்சமும் வளையாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலமே அந்தக் காமாலைக்காரருக்கு எண்ணெய் பூசினாராம். பாஸ்டர் போனில் சந்தோஷமாகச் சொன்னார். “கேட்க நல்லாருக்கு பாஸ்டர்” என்றேன். நல்லாயில்லை. கையை எடுத்தபோது என் பொறாமை கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். குறையவில்லை. மறுவாரமும் வேப்பமரத்தடியில் அவரைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். நான் மைக் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஐந்தாவது ஆளாக நானும் போய் நின்றேன்.