பழனியக்காவிடம் சொல்லாமல் விட்டது

அன்று அதைச் சொல்ல நான் மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா? எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் தெரியவில்லை.

இந்தக் கேள்வி வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். பழைய கறுப்பு சுவிட்சை அழுத்தும் "டொக்". பிறகு மின்விசிறி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கும், பாய்களின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் மாடியில் எங்கள் ஜெபக்கூடம் இருந்தது. நாங்கள் யூதர்கள், கொச்சிப் பக்கமிருந்து வியாபாரத்துக்காக வந்து தங்கிவிட்ட சில குடும்பங்கள். வீட்டில் அந்தக் கூடத்தைப் "பள்ளி" என்போம், அப்பாதான் அதைப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை எங்களுக்கு ஷபாத், ஓய்வுநாள். அன்று விளக்கைப் போடுவதும் விசிறியைச் சுற்றவிடுவதும்கூட வேலைதான். அதைச் செய்யும்படி இன்னொருவரிடம் நேராகக் கேட்பதும் கூடாது. ஆகவே, பட்டறைக்குப் பின்வீட்டில் குடியிருந்து மற்ற நாட்களில் கூடத்தைப் பெருக்கித் தரும் பழனியக்கா சனிக்கிழமை காலை மாடியேறி வந்ததும், ஆண்களில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி இன்றைக்குப் புழுக்கமாக இருக்கிறது என்பார்.

"ஏனுங்ண்ணா, பேனைப் போடுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சுபோயிருமாக்கு?" என்று கேட்டுக்கொண்டே பழனியக்கா சுவிட்சை அழுத்துவார். வாராவாரம் அதே கேள்வி, வாராவாரம் எல்லோரும் சிரிப்பார்கள்.

அதன்பின் அவர் போகமாட்டார். பெண்கள் பக்கத்துப் பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, மற்றவர்களைப்போலவே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் புரியாத பாட்டை முடியும்வரை கேட்பார். கடைசியில் திராட்சைச் சாறும் ரொட்டியும் சுற்றி வரும்போது அவருக்கும் ஒரு துண்டு உண்டு. அவர் வருவதற்கு முன் அம்மாவை ஒட்டி நான்தான் உட்கார்ந்திருப்பேன், வந்ததும் நகர்ந்துகொள்வேன். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு சனிக்கிழமை அப்பா எங்கள் வேதமான தோராவிலிருந்து பத்துக் கட்டளைகளை எங்களுக்குத் தமிழில் விளக்கினார். ஓய்வுநாளில் நீ மட்டுமல்ல, உன் வீட்டில் வேலை செய்பவளும் உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அதில் வருகிறது. அப்படியானால் பழனியக்கா எப்போது ஓய்வெடுப்பார் என்று கேட்டேன். அக்கா அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்று மாலை பெரியவர்கள் வெகுநேரம் பேசினார்கள். வாசிப்பதைச் செய்யாவிட்டால் எதற்கு வாசிக்கிறோம் என்றார் அப்பா. இனி வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே நாங்களே விளக்கையும் விசிறியையும் போட்டு அப்படியே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பைக் கேள்வி கேட்ட என்னிடமே கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தவை இரண்டு: சனிக்கிழமை நீங்கள் வேலை செய்ய வேண்டாம், ஆனால் எப்போதும்போல் வந்து எங்களோடு உட்காருங்கள், இனி நீங்கள் எங்கள் விருந்தாளி.

மறுநாள் அக்கா மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே சனிக்கிழமை நீங்க வர வேண்டாமுங்க."

துடைப்பம் நின்றது. "ஆரு கண்ணு சொன்னாங்க?"

"எல்லாருந்தானுங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததைச் சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது.

"செரிங்க அம்மணி," என்றார். அதுவரை அவர் என்னிடம் "ங்க" போட்டுப் பேசியதில்லை. மீதிப் படிகளையும் கூட்டி முடித்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த சனிக்கிழமை விசிறி முதல்நாள் மாலையிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தது, புழுக்கம் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கென்று எடுத்து வைத்த ரொட்டி தட்டிலேயே காய்ந்தது. வந்து உட்காரச் சொன்னாயா என்று அம்மா கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். திங்கட்கிழமை பள்ளியின் சாவி எங்கள் வீட்டுக் கேட்டில் நூலால் கட்டித் தொங்கியது. அப்பா போய்க் கேட்டதற்கு, மில்லில் வேலை கிடைத்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று அக்கா சிரித்த முகமாகச் சொன்னாராம், காப்பி கொடுத்துத்தான் அனுப்பினாராம். வரப் பிரியமில்லைபோல என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வருடத்துக்கொருமுறை எங்களுக்குப் பெரிய உபவாசம் வரும். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பார் அப்பா. அதற்கு முந்தின நாள் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பார்கள். நானும் வரிசையாகக் கேட்டேன். பட்டறைக்குப் பின்வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

ஒவ்வொரு குடும்பமாக மும்பைக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டது. தோராச் சுருளைக் கொச்சிக்கு எடுத்துப் போனார்கள். அம்மாவும் அப்பாவும் இறந்தார்கள், நான் சொன்னதை நம்பியபடியே. போன மாதம் அந்த வழியாகப் பேருந்தில் போனபோது பார்த்தேன். மாடி முழுக்க அட்டைப் பெட்டிகள். அழுகை வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் சரியாக இறங்கினேன்.

இப்போது கோவையில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவது எங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சமையலில் உதவும் செல்வி சனிக்கிழமையும் வருகிறார். "செல்வி அக்காவுக்கு ஷபாத் இல்லியாம்மா? நான் போய்ச் சொல்லட்டா?" என்று கேட்டாள் என் ஐந்து வயது மகள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். ஐந்து வாரமாகிறது. எந்த வாக்கியத்தை முதலில் சொல்வது என்று ஒவ்வொரு வெள்ளியும் யோசிக்கிறேன், சொல்லவில்லை.

பழனியக்கா கிணத்துக்கடவில் மகன் வீட்டில் இருப்பதாகப் பட்டறைக்காரர் சொன்னார். ஒரு மணிநேரப் பயணம். அவர் இதையெல்லாம் மறந்திருந்தால், என் மனம் ஆற வேண்டும் என்பதற்காக நான் போய்க் கிளறுவதாகாதா? மறக்காமலிருந்தால், இருபத்து நான்கு வருடம் கழித்து, நீங்களும் வந்து உட்காருங்கள் என்று எந்தக் கூடத்துக்கு அழைப்பது?

இதை வாசிப்பவர்களில் யாராவது, இப்படி ஒருவருக்குச் சேர வேண்டிய சொல்லைக் காலங்கடந்து கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், எனக்கு எழுதுங்கள். போகலாமா? மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?